பன்னிரண்டணா

ஆரணியில் என் சித்தப்பா வீட்டில், தறிக்குழிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி உண்டு. அதில் கயிறு கோத்த இரண்டு நோட்டுகள் தொங்கும். ஒன்று கூலி நோட்டு. முதலாளி எடைபோட்டுக் கொடுத்த பாவு எவ்வளவு, ஊடைப் பட்டு எவ்வளவு, ஜரிகை எத்தனை, நெய்து கொடுத்த புடவையின் எடை, கூலி, முன்பணத்தில் பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது நோட்டு நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. அதில் இருப்பது ஐபிஎல்.

2008 கோடையில் தொடங்கிய நோட்டு அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. தேதி, இரண்டு அணிகளின் முதலெழுத்து, யார் ஜெயிப்பார்கள், எத்தனை அணா. கடைசியில் சின்னதாக ஒரு சரி அல்லது தவறு. "சென்னை பன்னெண்டணா" என்று இருந்தால், பதினாறில் பன்னிரண்டு பங்கு சென்னை ஜெயிக்க வாய்ப்பு என்று பொருள். சித்தப்பா அணாவைக் கையில் தொட்டவர் இல்லை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது, அவர் பிறந்தது அதற்குப் பிறகு. ஆனால் நாலணா, எட்டணா என்ற வார்த்தைகள் போகவில்லை. "பதினாறணா நெசம்" என்று சொல்லும் ஊரில் சந்தேகத்தையும் அணாவில்தானே சொல்ல முடியும்?

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். நிகழ்தகவை எனக்குப் பொறியியல் கல்லூரியில் நான்காவது செமஸ்டரில் சொல்லிக்கொடுத்தார்கள். பாஸ் பண்ணினேன், மறந்தேன். அது என்ன என்று எனக்கு உண்மையில் புரிந்தது இந்த நோட்டைப் புரட்டியபோதுதான். அதனால் இந்தக் கட்டுரை பிளேஆஃப் கணிப்பின் வரலாறு என்றாலும், பாதி இந்த நோட்டின் வரலாறு.

*

ஆரணியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போனது. 1751இல் கிளைவ் இங்கே ஒரு சண்டையில் ஜெயித்தார். 1782இல் அய்ர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் இங்கே மோதின. அந்தக் கோட்டை மைதானத்தில்தான் நாங்கள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடினோம். ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றிலும் நெசவு ஊர்கள். சின்ன வயதில் எனக்கு முழுப்பரீட்சை லீவு என்றால் சித்தப்பா தறியில் கோர்வை வாங்க உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காதுக்குத்தான் ரேடியோ.

எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைத் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்பதற்காகத் தாத்தா ரேடியோவைத் தலைக்கு மேல் பலகையில் வைத்திருந்தாராம். 1986 செப்டம்பர் 22ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ, இந்தியா 347. டை. அதற்கு முன்னால் டெஸ்ட் வரலாற்றில் 1960இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு முறை நடந்தது. அன்று காலையில் தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். இந்தியா என்றார்கள், ஆஸ்திரேலியா என்றார்கள், தாத்தா டிரா என்றார். டை என்று ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. "எல்லாரும் தோத்த ஒரே மேட்ச்சு அது" என்பார் சித்தப்பா. பதினாறணா என்று எதற்கும் எழுதக் கூடாது என்ற பாடத்தை அங்கேதான் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்.

*

ஊகத்துக்கு ஊரில் இன்னொரு வரலாறும் உண்டு. அது கொஞ்சம் இருட்டானது.

எங்கள் வடாற்காடு பக்கத்தில் 'காட்டன்' என்றால் துணி என்று மட்டும் அர்த்தமில்லை. காட்டன் ஆடுவது என்றால் நம்பர் மேல் பணம் கட்டுவது. பட்டு நெய்கிற ஊரில் சூதுக்கு ஏன் பருத்தியின் பெயர் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். விடை நியூயார்க்கில் இருக்கிறது. நியூயார்க் பருத்திச் சந்தையில் தினமும் தொடக்க விலை, முடிவு விலை வரும். அந்த எண்கள் டெலிபிரிண்டரில் பம்பாய் பருத்திச் சந்தைக்கு வந்து சேரும். அந்த எண்களின் மேல் பம்பாயில் பந்தயம் நடந்தது. 1961இல் நியூயார்க் சந்தை அதை நிறுத்தியது. எண்கள் நின்றன, ஆசை நிற்கவில்லை. கல்யாண்ஜி பகத், ரத்தன் கத்ரி போன்றவர்கள் தாங்களே எண்களை எடுத்துவிட ஆரம்பித்தார்கள். பானையிலிருந்து எண் எடுத்ததால் 'மட்கா' என்று பெயர் வந்தது. பானை போய், பருத்தி போய், பெயர் மட்டும் ரயிலேறி நம்மூர் டீக்கடை வரை வந்துவிட்டது.

இதற்கு நடுவில் அரசாங்கமே ஊகத்தை விற்றது. 1968இல் தமிழக அரசு பரிசுச்சீட்டு தொடங்கியது. பிறகு எல்லா மாநில லாட்டரிகளும் இங்கே விற்றன. கூலி நாளில் வாங்கி, பேப்பரில் நம்பர் பார்த்து, கிழித்துப் போடுவது ஒரு தலைமுறையின் வழக்கம். 2003 ஜனவரியில் லாட்டரி மொத்தமாகத் தடைசெய்யப்பட்டது.

குதிரைப் பந்தயத்தின் கதை வேறு மாதிரி முடிந்தது. பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் கொண்டுவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது. இருபது வருடத்துக்கு மேல் இழுத்து, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாம் கணக்கில் வருவதால் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, அதிர்ஷ்டம் சார்ந்தது அல்ல, ஆகவே அது சூதாட்டம் ஆகாது. கிண்டியில் குதிரைகள் தொடர்ந்து ஓடின.

திறமையா, அதிர்ஷ்டமா? நம் நாட்டில் ஊகத்தைப் பற்றிய எல்லா வழக்குகளும் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிவருகின்றன. அந்தக் கேள்வியிலேயே ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது வெகு பின்னால், வீட்டுக்குள் ஒரு விஷயம் நடந்த பிறகு.

*

நோட்டுக்கு வருவோம். 2008இல் ஐபிஎல் தொடங்கியது. எட்டு அணிகள், முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி. சித்தப்பா வெற்றி தோல்வியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். ஜூன் 1ஆம் தேதி இறுதியாட்டத்தில் ராஜஸ்தான் கடைசிப் பந்தில் சென்னையை ஜெயித்தது. நோட்டில் "சென்னை பத்தணா", பக்கத்தில் தவறு. கோபத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

2010தான் அவரைக் கணக்குப் பிள்ளையாக்கியது. ஏப்ரல் 18, தர்மசாலா. பஞ்சாப் 192. சென்னை ஜெயித்தால்தான் அரையிறுதி. கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். இர்ஃபான் பதான் வீச, தோனி இரண்டு பந்துகள் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டிலேயே குத்திக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் குத்துக்குப் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. லீக் முடிந்தபோது சென்னை, பெங்களூர், டெல்லி, கொல்கத்தா நான்கும் 14 புள்ளிகள். அதில் இரண்டு அணிகள் உள்ளே, இரண்டு வெளியே. பிரித்தது நெட் ரன்ரேட்.

அந்த வாரம் எனக்கு ஹாஸ்டலுக்கு போன் வந்தது. "டேய், அது இன்னாடா நெட்டு? மீன் புடிக்கிற மாதிரி?" நான் விளக்கினேன். நீ அடித்த ரன்னை நீ ஆடிய ஓவரால் வகு. எதிரி அடித்த ரன்னை எதிரி ஆடிய ஓவரால் வகு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. ஆல் அவுட் ஆனால் இருபது ஓவரும் ஆடியதாகக் கணக்கு. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்போ தோக்கறப்பவும் எவ்ளோவுல தோக்கறோம்னு இருக்கு" என்றார். எடைபோட்டுக் கொடுத்த பட்டு, எடைபோட்டு வாங்கும் புடவை, நடுவில் சேதாரம் எவ்வளவு என்று தினம் பார்க்கிறவருக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

2011இல் அரையிறுதி போய் பிளேஆஃப் வந்தது. முதல் இரண்டு இடத்துக்காரர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். ஜெயித்தவர் நேராக இறுதிக்கு, தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. மூன்றும் நான்கும் ஆடி, தோற்றவர் வீட்டுக்கு. இது ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கால்பந்து லீக்கில் 1931இல் வந்த முறை. பெர்சி பேஜ் என்பவரின் பெயரால் பேஜ் முறை என்பார்கள். லீக்கில் நன்றாக ஆடியவனுக்கு ஒரு கெட்ட நாளை மன்னிக்கும் முறை. அந்த வருடம் முதலிடத்தில் இருந்த பெங்களூர் சென்னையிடம் தோற்று, மும்பையை ஜெயித்து, மறுபடி சென்னையிடமே இறுதியில் வந்து தோற்றது. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒருதபா அனுப்பினவன் எப்படிடா திரும்பி வந்தான்?"

அமெரிக்கக் கால்பந்தில் அந்த மன்னிப்பு கிடையாது. அங்கே பிளேஆஃபில் ஒரு தோல்வி என்றால் சீசன் முடிந்தது. 2020 சீசனிலிருந்து 14 அணிகள், எல்லாம் ஒரே ஆட்டம். இது எனக்குத் தெரிந்தது என் வேலையால். ஒரு அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு ஷிஃப்ட் பார்த்த வருடங்களில், ஜனவரி வந்தால் திங்கள்கிழமை கால் முதல் பத்து நிமிடம் பிளேஆஃப் கணிப்பில்தான் போகும். ஒருவர் எப்போதும் ஜோ நமாத்தை இழுப்பார். 1969 ஜனவரி, மூன்றாவது சூப்பர் பவுல். பால்டிமோர் கோல்ட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் சொன்னார்கள். நியூயார்க் ஜெட்ஸின் நமாத் மூன்று நாள் முன்பே எங்கள் வெற்றிக்கு நான் கேரண்டி என்று சொல்லி, 16-7 என்று ஜெயித்தும் காட்டினார். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது: அதே மாதிரி கேரண்டி கொடுத்துத் தோற்றவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா? பலித்த வாக்கு கல்வெட்டாகிறது, பலிக்காத வாக்கு பேசியவனுக்கே மறந்துபோகிறது. எல்லா ஜோசியமும் இந்த மறதியில்தான் பிழைக்கிறது. சித்தப்பா நோட்டின் மதிப்பு எனக்குத் தெரிந்தது அங்கேதான். அவர் தவறுகளையும் அழிக்காமல் வைத்திருந்தார்.

2012 பக்கத்தில் அதிசயம் ஒன்று இருக்கிறது. சென்னை கடைசி லீக் ஆட்டத்தில் பஞ்சாபிடம் தோற்று 17 புள்ளியோடு உட்கார்ந்துவிட்டது. இனி அடுத்தவன் கையில். பெங்களூரும் 17, ஒரு ஆட்டம் பாக்கி. மே 20ஆம் தேதி டெக்கான் சார்ஜர்ஸ் அடித்தது 132தான். பெங்களூர் அதைத் துரத்த முடியாமல் 9 ரன்னில் தோற்றது. சென்னை ரன்ரேட்டில் உள்ளே வந்தது. சித்தப்பா அன்று எழுதியிருப்பது "டெக்கான் மூணணா". அதற்குக் கீழே, வேறு மையில்: "மழை". ஏப்ரலில் பெங்களூரில் நடக்க வேண்டிய பெங்களூர்-சென்னை ஆட்டம் மழையில் போய் ஆளுக்கு ஒரு புள்ளி கிடைத்திருந்தது. அன்று மழை வராமல் பெங்களூர் ஜெயித்திருந்தால் மே 20க்கு வேலையே இல்லை. மழை வந்தால் பாவு காயாது, குழியில் ஈரம் ஏறும், தறி நிற்கும். நெசவாளிக்கு மழை எதிரி. அந்த ஒரு மழையை மட்டும் அவர் வரவில் வைத்திருக்கிறார். சென்னை மும்பையை, டெல்லியை ஜெயித்து இறுதிக்குப் போய், கொல்கத்தாவிடம் தோற்றது என்பது பிற்பாடு.

2016, 2017 இரண்டு வருடமும் வெற்றுப் பக்கம். 2013இன் சூதாட்ட விவகாரத்தைத் தொடர்ந்து 2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளையும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. மற்ற அணிகளைப் பற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். "சீ, விடு" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

*

2019 இறுதியாட்டத்துக்குப் பிறகுதான் அந்த நோட்டை நான் பெங்களூருக்கு எடுத்துவந்தேன். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், மலிங்கா வீசிய பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ, ஒரு ரன்னில் தோல்வி. ஊரே இரண்டு நாள் பேசவில்லை. நான் ஒவ்வொரு வரியையும் கணினியில் ஏற்றினேன்.

கணிப்புக்கு மதிப்பெண் போட ஒரு முறை இருக்கிறது. கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950இல் சொன்னது. "நாளை மழை வர 70 சதவீதம் வாய்ப்பு" என்று சொல்கிறவர் சரியா தவறா என்று ஒருநாளை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் நீ சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்து, எல்லா நாளுக்கும் சராசரி எடு. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சித்தப்பா பன்னிரண்டணா என்று சொல்லி நடந்தால் வித்தியாசம் 0.25, வர்க்கம் 0.0625. நடக்காவிட்டால் 0.5625. பதினாறணா என்று சொல்லித் தவறினால் முழு 1. எதுவுமே தெரியாமல் எல்லாவற்றுக்கும் எட்டணா போடுகிறவனுக்கு எப்போதும் 0.25. அதற்குக் கீழே போனால் உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மேலே போனால் நீ உன்னையே ஏமாற்றிக்கொள்கிறாய்.

சென்னை ஆடாத ஆட்டங்களில் சித்தப்பா 0.25க்குக் கொஞ்சம் கீழே இருந்தார். கொஞ்சம்தான். ஆனால் இருபது ஓவர் ஆட்டத்தில் அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம். அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக உருவாக்கிய தரவரிசை முறையை அமெரிக்கக் கால்பந்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அதையே ஐபிஎல்லுக்கு மாற்றி நான் எழுதிய நிரல் சித்தப்பாவைவிட மயிரிழைதான் முன்னால் இருந்தது. சென்னை ஆடிய ஆட்டங்களில் கதை வேறு. அங்கே சித்தப்பா எட்டணாக்காரனைவிட மோசம். அன்பு இருக்கும் இடத்தில் அவருடைய தராசு சாய்ந்துவிடுகிறது. அதைச் சொன்னபோது அவருக்கு வருத்தமே இல்லை. "பின்ன, சென்னைக்கு ஆறணா போட்டுட்டு மேட்ச்சு பாக்க முடியுமாடா?"

இவ்வளவு தரவைப் புரட்டியதில் ஒரு விஷயம் மட்டும் உருப்படியாகக் கிடைத்தது. 2018லிருந்து 2025 வரை எட்டு வருடமும் முதல் தகுதி ஆட்டத்தில் ஜெயித்த அணியே கோப்பையையும் வாங்கியிருக்கிறது. 2011லிருந்து 2025 வரை மூன்றாவது, நான்காவது இடத்திலிருந்து வந்து கோப்பை வாங்கியது 2016இல் ஹைதராபாத் மட்டும். பெர்சி பேஜின் மன்னிப்பு பெரும்பாலும் தேவைப்படாமலே போகிறது.

*

சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி, தறியில் உட்காரவில்லை. ஒரு கடையில் வேலை பார்த்தான். போன் எப்போதும் கையில். அவன் அப்பாவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. என் நிரலின் மதிப்பெண் பட்டியலையும் நான்தான் பெருமையாக அவனுக்கு அனுப்பியிருந்தேன். "உங்கப்பா சென்னை இல்லாத மேட்ச்சுல எக்ஸ்பர்ட்டுடா" என்று எழுதியது நான். அதை இங்கே சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

முதலில் நூறு, இருநூறு. 2023இல் நிறைய ஜெயித்தான் என்று பிறகு சொன்னான். அந்த வருட இறுதியாட்டம் மழையில் நள்ளிரவைத் தாண்டி, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருக்கையில் ஜடேஜா சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தார். அன்று எல்லோருமே ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

2024 மே 18, பெங்களூர். சென்னை 14 புள்ளி. பெங்களூர் 12. முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்று, பிறகு தொடர்ச்சியாக ஐந்து ஜெயித்து வந்திருந்தது. பெங்களூர் முதலில் ஆடி 218. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் ரன்ரேட்டில் உள்ளே. தோற்பதிலும் எவ்வளவில் தோற்கிறோம் என்று இருக்கிறதே, அதுதான். சித்தப்பா நோட்டில் அன்று காலை எழுதியது: "சென்னை உள்ளே. பதினாலணா." என் நிரல் பத்தணாவுக்கு மேல் தரவில்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் சென்னைதான்.

கடைசி ஓவர். உள்ளே வர 17 வேண்டும். பந்து யஷ் தயாள் கையில். முந்தைய வருடம் அகமதாபாத்தில் ரிங்கு சிங்கிடம் கடைசி ஐந்து பந்தில் ஐந்து சிக்ஸர் வாங்கியவர். எதிரே தோனி. முதல் பந்து மைதானத்துக்கு வெளியே போனது. இனி ஐந்து பந்தில் 11. அந்த நொடியில் எந்த ரசிகனைக் கேட்டிருந்தாலும், பழைய கணக்கு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாலும், ஒரே பக்கம்தான் சாய்ந்திருப்பான். தம்பி அந்த நொடியில் போனில் கையில் இருந்த எல்லாவற்றையும் கட்டினான். அடுத்த பந்தில் தோனி அவுட். மிச்ச நாலு பந்தில் ஒரே ஒரு ரன். சென்னை 191. பெங்களூர் உள்ளே.

அது அவன் பணம் இல்லை. புதுப் பாவுக்காகவும் வீட்டுச் செலவுக்காகவும் சித்தப்பா முதலாளியிடம் வாங்கி வைத்திருந்த முன்பணம் நாற்பதாயிரம். மூன்று நாள் கழித்துத்தான் வீட்டில் தெரிந்தது. எனக்கு போன் செய்தது சித்தி. "நீயாச்சும் சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். எதைச் சொல்லியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

*

திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியில் என்ன குறை என்று அப்போது யோசித்தேன். நிகழ்தகவு என்ற கணிதமே ஒரு பாதியில் நின்ற ஆட்டத்தில்தான் பிறந்தது. நடுவில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். மழையில் நின்ற ஆட்டத்துக்கு டக்வொர்த்-லூயிஸ் செய்வதும் கிட்டத்தட்ட அதே கேள்விக்கான பதில்தான். அந்தக் காலத்திலேயே அவர்கள் இன்னொன்றையும் யோசித்தார்கள். சம வாய்ப்புள்ள ஆட்டத்தில் இருவர் ஆடிக்கொண்டே போனால், சின்னப் பை வைத்திருப்பவன் கைதான் பெரும்பாலும் முதலில் காலியாகும். வாய்ப்பு சமமாக இருந்தாலே இந்த நிலை.

என் சித்தப்பாவின் திறமை நிஜம். நான் அளந்திருக்கிறேன். ஆனால் அதை அளக்கப் பதினோரு வருடமும் நூற்றுக்கணக்கான வரிகளும் வேண்டியிருந்தன. தனியாக ஒரு வரியை எடுத்தால் அதில் திறமை கண்ணுக்கே தெரியாது, அதிர்ஷ்டம்தான் தெரியும். நோட்டில் ஒரு தவறுக்கு விலை ஒரு பேனாக் கோடு. அதனால் ஆயிரம் தவறு செய்யலாம், கடைசியில் திறமை மேலே மிதந்து வரும். பணம் கட்டுகிறவனுக்கு அந்த ஆயிரம் வரை போகப் பை இருக்காது. குதிரைக்கு வம்சம் உண்டு, ஜாக்கிக்குச் சாமர்த்தியம் உண்டு, எல்லாம் சரி. கட்டுகிறவனின் பை எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் மெதுவாக அந்தப் பக்கம் வந்தது. தமிழகத்தின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்று தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்றது. அதைப் பேப்பரில் படித்துவிட்டுச் சித்தப்பா கேட்டது ஒன்றுதான். "அப்போ காட்டனு?" காட்டனுக்கு எப்போதோ தடை. அது இன்னும் நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

2025இல் சென்னை முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அந்த வருடம் ஐபிஎல் நோட்டு ஆணியில் இல்லை. ஜூன் மாதம் ஊருக்குப் போனபோது கேட்டேன். பெட்டியில் இருக்கிறது என்றார். எழுதினீர்களா என்றேன். பதில் சொல்லாமல் தறியில் இறங்கி உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லா ஆட்டமும் இருந்தது, ஆனால் பென்சிலில். ஜூன் 3, இறுதியாட்டம், பெங்களூர்-பஞ்சாப்: "எட்டணா." அவ்வளவு வருட நோட்டில் அவர் எட்டணா போட்ட முதல் வரி அதுதான்.

ஆணியில் கூலி நோட்டு மட்டும் தொங்கியது. அதையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புடவைக்கும் எதிரே முதலாளியின் கையெழுத்தில் பிடித்தம், பிடித்தம், பிடித்தம். மீதித் தொகையைப் புடவைக் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். பழக்கதோஷம்.

"இன்னும் எத்தினிடா?" என்றார் குழியிலிருந்து, நாடாவை நிறுத்தாமல்.

"பதினோரு புடவை, சித்தப்பா."

"பன்னெண்டு. ஆடி மாசம் தறி நிக்கும்ல, அத்தயும் சேத்துக்கோ."

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை வாங்கிக்கொண்டிருந்தான்.